கழுத்துக்கு மேலே

மே 3, சனி

எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் மோசடிக்காரர்கள். சந்தேகம் இருந்தால் பிச்சை பாயின் பிளெக்ஸ் கடைக்கு வந்து என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கலாம். இரண்டு வருடமாக இவர்களுடைய தொப்பையை உள்ளே தள்ளுவதுதான் என் பிழைப்பு. காதுகுத்து பேனரில் தாய்மாமன்களின் மார்பை நிமிர்த்தியது நான். வார்டு கவுன்சிலருக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதாக ஊரை நம்பவைத்தது நான். பெண் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளை போட்டோவுக்குத் தோள் வைத்தேன். கல்யாணமான பிறகு அந்தத் தோள் எங்கே போனது என்று அந்தப் பெண் கட்டிலுக்கு அடியில் தேடியிருந்தால் அந்தப் பாவமும் எனக்குத்தான். செத்தவர்களையும் விடுவதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்த மகன் ஒருவன், "அப்பாவுக்கு நெஞ்சைக் கொஞ்சம் எடுப்பா வச்சிருங்க" என்கிறான். எரித்து முடித்த நெஞ்சு. வைத்துக் கொடுத்தேன்.

பெண்கள் வந்தால் கலரை மட்டும் கொஞ்சம் ஏற்றச் சொல்வார்கள். ஆண்களுக்கு எல்லாம் வேண்டும்.

இன்று வஜ்ரம் ஜிம் கொம்பையா மாஸ்டர் வந்தார். எங்கள் மேலத்தெருக்காரர். ஒரு காலத்தில் ஆணழகன் போட்டிக்கெல்லாம் போனவர், இப்போது சிமெண்ட் மூட்டைக்கு மீசை வைத்தது போல இருக்கிறார்.

"ஏட்டி இசக்கி, பெரிய பேனர் ஒண்ணு அடிக்கணும். இடப்பக்கம் முன்னே, வலப்பக்கம் பின்னே. தொண்ணூறு நாள்ல ஆளே மாறுதமாரி."

"முன்னே போட்டோ இருக்கா?"

"ரெண்டையும் இன்னைக்கே எடு. இந்தா ஆளு."

ஆள் அவருக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். பால்துரை. வடக்குக் காலனி. காலையில் ஜிம்மைக் கூட்டித் துடைப்பான், பிறகு மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குவான், மத்தியானம் ஜிம் பூட்டியிருக்கும் நேரத்தில் அவனே திறந்து இரும்பைத் தூக்கிக்கொள்ள மாஸ்டர் சாவி கொடுத்திருக்கிறார்.

"ஜிம்முல இருக்கவன் எல்லாத்தையும்விட இவனுக்குத்தான் பலம். பாத்தா தெரியாது. அதான் எளவு," என்றார் மாஸ்டர்.

"பணம் கட்டி வாரவங்கள்ல ஒருத்தரை நிப்பாட்ட வேண்டியதுதான?"

"பின்னேக்கு எல்லாவனும் நிப்பான். முன்னேக்கு எவன் நிப்பான்?"

போகும்போது ஒரு வாக்கும் கொடுத்தார். பேனரைப் பார்த்துப் பத்துப் பேர் சேர்ந்தால் போதும், பால்துரைதான் டிரெய்னர். சாயங்கால பேட்ச் முழுக்க அவன் கையில். துடைப்பத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம். பால்துரை தரையைப் பார்த்துச் சிரித்தான். சாயங்கால பேட்ச் என்றால் முழுக்க எங்கள் தெருப் பையன்கள். அவர்கள் இவனை மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும்.

முன்னே படத்துக்கு வயிற்றைத் தள்ளச் சொன்னால் தள்ளுவதற்கு வயிறு இல்லை. பாய் கோலி சோடா வாங்கித் தந்தார். அதற்கும் வரவில்லை. இன்னொன்று வாங்கித் தந்தார். கூன் போட்டு, ட்யூப் லைட்டுக்கு நேராக நிறுத்தி எடுத்தேன். பின்னே படத்துக்குத் தேங்காய் எண்ணெய், பக்கவாட்டு வெளிச்சம், நிமிர்ந்த முதுகு. இரண்டுக்கும் நடுவில் தொண்ணூறு நாள் அல்ல, ஒரு ஏப்பம்.

மே 5, திங்கள்

நாள் முழுக்க ஒரே உடம்பு.

இயல்பாகத் தெரிய வேண்டுமென்றால் ஆசையை அடக்க வேண்டும். கத்துக்குட்டிகள் நேராக வயிற்றுக்குப் போவார்கள். ஆறு கட்டி வரைவார்கள், பார்த்தால் பன் பாக்கெட்டைக் கவிழ்த்தது போல இருக்கும். நான் கழுத்தில் ஆரம்பிப்பேன். கழுத்து தோளில் இறங்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான், பார்க்கிறவன் மனதுக்குள் பாதி உடம்பு அதிலேயே வளர்ந்துவிடும். தோளை இரண்டு விரல் அகலப்படுத்தலாம், அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கூடாது. தோளை இழுக்கும்போது பின்னால் இருக்கும் கதவுச் சட்டமும் சேர்ந்து வளையும். அதை நிமிர்த்த மறந்துதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது. வெளிச்சம் இடது என்றால் நெஞ்சின் நிழல் வலது. எண்ணெயைக் குறைத்து வேர்வை வைத்தேன். எண்ணெய் மினுங்கினால் சினிமா, வேர்வை மினுங்கினால் உழைப்பு.

முழங்கைக்குக் கீழே எதையும் தொடவில்லை. வாழைத்தார் இறக்கிய கை, நரம்பெல்லாம் அசல். காறை எலும்பில் மட்டும் ஒரு மணி நேரம் போயிற்று. அங்கே வேலை ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் பெரிதாக்கிச் சரிபார்க்க வேண்டும் அல்லவா.

மாஸ்டர் வந்து பார்த்தார். "வயித்துல எட்டு வையி."

"எட்டு வச்சா ஊரு சிரிக்கும். நாலு தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கட்டும்."

"கலரை ஏத்திரு."

"ஏத்துனா ஆளே மாறிரும். முன்னேயும் பின்னேயும் ஒரே ஆளுன்னு தெரியாண்டாமா?"

யோசித்தார். முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டார்.

மே 6, செவ்வாய்

அளவு பார்க்க பால்துரை கடைக்கு வந்திருந்தான். தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். "இந்த ஆளு எங்க இருக்காரு மேடம்? ஒரு தடவை பாத்துட்டு வந்திருதேன்," என்றான்.

டிபன் பாக்ஸில் அவித்த முட்டை இரண்டு மிஞ்சியது. அவனுக்குக் கொடுத்தேன். வீணாகப் போகக்கூடாது.

மே 9, வெள்ளி

மூணு விளக்கு முக்கில் பேனர் கட்டியாயிற்று. "தொண்ணூறு நாளில் புதிய மனிதன்." பால்துரையின் தலை ஆட்டுக்கல் அளவுக்கு இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் பையைத் தேடுவதற்கு முன்னால் அவனைத்தான் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், வேலை எப்படி வந்திருக்கிறது என்று.

முட்டை மிஞ்சியது.

அம்மா கேட்டாள்: "உனக்குத்தான் முட்டை வாடையே ஆகாதே, அப்புறம் என்னத்துக்கு தினமும் ரெண்டு அவிக்கச் சொல்லுத?" ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். எந்த டாக்டர் என்று கேட்டாள். தூக்கம் வருகிறது என்றேன்.

மே 12, திங்கள்

பால்துரைக்குப் பிழைப்பு நாறிவிட்டது. ஊரில் கனமான பொருள் எது இருந்தாலும் அவனைக் கூப்பிடுகிறார்கள். கேஸ் சிலிண்டர், பீரோ, சேற்றில் சிக்கிய புல்லட். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மாவு கிரைண்டரை மாடிக்கு ஏற்ற அழைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் காலனி ஆள் ஒருவன் முன்வாசல் வழியாக நுழைந்து மாடி வரை போனது இதுவே முதல் தடவையாக இருக்கும். கிரைண்டருக்குத்தான் அந்த மரியாதை. இறங்கும்போது பின்வாசலைக் காட்டினார்களாம்.

கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான்.

"பஸ் ஸ்டாண்டுல வச்சு சட்டையக் கழட்டிக் காட்டச் சொல்லுதாங்க மேடம்."

"கழட்டுனீங்களா?"

"கழட்டுனா சோலி முடிஞ்சுது. அதான் முழுக்கை."

"வேர்க்கலையா?"

"வேர்க்குது. நீங்க வச்ச வேர்வைதான்னு நெனச்சுக்கிடுதேன்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பாய் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பாய்க்கு எல்லாவற்றுக்கும் பயம்.

"மாஸ்டர் என்ன சொல்லுதாரு? ஆளு சேந்தாச்சா?"

"பத்துக்கு மேல சேந்தாச்சு. அம்மன் கொடை முடியட்டும், அடுத்த வாரத்துல இருந்து நீதான்னாரு." சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, "வீட்டுல நின்னு சொல்லிப் பாத்தேன். தம்பி, முதுகை நிமுத்துங்க. தம்பியா, தம்பிங்களா, எப்படிக் கூப்பிடதுன்னு தெரியல," என்றான்.

"லேய்னு கூப்பிடுங்க. மாஸ்டர் உங்களை அப்படித்தான கூப்பிடுதாரு."

"நீங்க கூப்பிடலாம் மேடம்," என்றான்.

மே 13, செவ்வாய்

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். சரி மேடம் என்றான்.

மே 16, வெள்ளி

அம்மன் கொடைக்கு ஊரே சீரியல் லைட். பெரியப்பா வீட்டில் சாப்பாடு. பெரியப்பா மகன் முத்தையா அண்ணன் கொடைக் கமிட்டியில் இருக்கிறான், அதனால் இந்த வாரம் முழுக்க அவன் நடையே வேறு. ரசத்துக்கு நடுவில் ஆரம்பித்தான்.

"மூணு விளக்குல நிக்கானே ஒருத்தன், அது உங்க கடை அடிச்சதா?"

"ஆமா."

"அம்மன் சப்பரம் அந்த வழியாத்தான் வரும்."

"வரட்டும். புடிச்சிருந்தா அம்மனும் ஜிம்முல சேரட்டும்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். முத்தையா அண்ணன் சிரிக்கவில்லை. "சப்பரம் போகையில நம்ம தலைக்கு மேல இருந்து அவன் பாத்துக்கிட்டு நிப்பான். அதுக்கு நாம மோளம் அடிச்சுக்கிட்டுப் போணும். என்ன?" என்று எல்லோரையும் கேட்டான். பெரியம்மா அப்பளம் போட்டாள்.

கை கழுவும்போது என் பையைப் பார்த்தான். "பேனர் வெட்டுத கத்தி வச்சிருப்பியே, குடு. சப்பரத்துக்குத் தெர்மாகோல் வெட்டணும்."

கொடுத்தேன்.

மே 17, சனி

இருட்டிய பிறகு கத்தி திரும்பி வந்துவிட்டது. முனை போயிருக்கிறது. தெர்மாகோல் வெட்டினால் முனை போகாது, இரும்புச் சட்டத்தில் உரசினால்தான் போகும். வேறு எழுத ஒன்றுமில்லை.

மே 18, ஞாயிறு

பேனரில் தலை இல்லை.

சுத்தமான வேலை. பின்னே படத்தில் முகத்தை மட்டும் வட்டமாக அறுத்து எடுத்திருக்கிறார்கள். கழுத்தில் கீறல்கூட இல்லை. நான் வைத்த மேடு அப்படியே இருக்கிறது. நெஞ்சு, தோள், நாலு கட்டி, வேர்வை, எல்லாம் பத்திரம். தலை இருந்த இடத்தில் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர்.

இதைவிடப் பெரிய கூத்து மத்தியானம் நடந்தது. பந்தல்காரனின் ஏணி சும்மா கிடந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் பின்பக்கமாக ஏறி, ஓட்டைக்குள் தன் தலையை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டான். அப்புறம் வரிசை. அக்கினிச்சட்டி எடுக்க மஞ்சள் வேட்டி கட்டியவன், மேளக்காரன், கமிட்டிப் பொருளாளர். பொருளாளருக்கு அறுபது வயது இருக்கும். ஏணியில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் செல்போனில் பால்துரையின் தோள்மேல் அவரவர் மண்டை.

அந்த உடம்பு யாருக்கும் ஆகாமல் இல்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். இடப்பக்கம் முன்னே படத்தை ஒருவரும் தொடவில்லை. கூன் போட்டு, சோடா வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தலை முழுசாக, அதே முக்கில் அதே உயரத்தில்தான் அதுவும் நிற்கிறது. நேற்று ராத்திரி சப்பரம் அதற்கு முன்னாலும்தான் போயிற்று. அந்தத் தலை பார்த்ததில் அம்மனுக்கும் குறை வரவில்லை, முத்தையா அண்ணனுக்கும் குறை வரவில்லை.

பால்துரைக்குப் போன் போட்டேன். "விடுங்க மேடம், படந்தான," என்றான். பின்னால் யாரோ பெண் அழுதுகொண்டோ திட்டிக்கொண்டோ இருந்தாள். அவனுடைய அம்மாவாக இருக்கும்.

மே 20, செவ்வாய்

மாஸ்டர் ஒரு பென்டிரைவோடு வந்தார்.

"தலைய மாத்திரு."

"போலீஸ்ல எழுதிக் குடுக்கலையா?"

"என்னன்னு எழுதிக் குடுக்க? தலையக் காணோம்னா? உடம்பு நல்லாத்தான் இருக்கு. உடம்பைப் பத்தி யாரும் ஒரு சொல்லு சொல்லல. தலைய மட்டும் மாத்திரு."

"தலைல என்ன குறை?"

"ஏட்டி, வெளியூர்க்காரிமாரி கேக்காத. நீ எந்தத் தெரு?"

பென்டிரைவில் அவருடைய அக்கா மகன் கார்த்தீசன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாண ரிசப்ஷனில் எடுத்த படம், நெற்றியில் சந்தனம், கோட்டுக் காலருக்கு மேலே இரண்டு தாடை. ஜிம் வாசலை மிதித்த முகமே இல்லை.

"ஒட்டாது மாஸ்டர். மூஞ்சி ஒரு கலரு, உடம்பு ஒரு கலரு."

"உடம்புக்கு வெள்ளையடி."

"டிரெய்னர் வேலை? கொடை முடிஞ்சுதே."

"மொதல்ல பேனரு. பையனுவ மனசு ஆறட்டும். அதுவரைக்கும் காலைல அஞ்சு மணிக்கு வந்து ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுக்கட்டும். ஆளு பாக்காத நேரத்துல என்ன செஞ்சா என்ன?"

நான் செய்ய மாட்டேன் என்றேன். மாஸ்டர் போனபிறகு பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எம்மா, நீ செய்யலைன்னா நான் செய்யணும். நான் செஞ்சா தலை கோணலா நிக்கும். வேணும்னே கோணலா வச்சேன்னு சொல்லுவானுவ. எனக்கு இந்த ஊருல ஒரே ஒரு கடைதான் இருக்கு. அதுக்குக் கண்ணாடிக் கதவு."

மே 21, புதன்

செய்தேன். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் அசிங்கம்.

மே 23, வெள்ளி

காலையில் புது பேனர் கட்டினார்கள். ஏழு மணிக்குள் ஊர் கூடிவிட்டது.

அடிப்பதற்கு முன்பே மாதிரிப் படத்தை மாஸ்டர் செல்போனில் பார்த்திருந்தார். வலப்பக்கத்தை மட்டும் பெரிதாக்கித் தாடை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார். முத்தையா அண்ணன் பார்த்தான்; தலை வேறு தலைதானா என்று பார்த்தான். பாய் போன் நம்பரை மூன்று தடவை படித்தார். எல்லோருக்கும் கழுத்து ஒட்டியதா என்பதுதான் கவலை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. மே 9 முதல் அது அங்கேதான் நிற்கிறது. பார்த்துப் பழகிவிட்டது.

ஆகவே மூணு விளக்கு முக்கில் இப்போது உள்ள செய்தி இது: முன்னே, வடக்குக் காலனி பால்துரை. பின்னே, மேலத்தெரு கார்த்தீசன், சந்தனப் பொட்டோடு. தொண்ணூறு நாளில் புதிய மனிதன்.

டீக்கடையில் நின்று கேட்டேன்.

"வயிறு கொறையும்னுதான சொன்னான், மூஞ்சியே மாறிருக்கே."

"மூஞ்சி மட்டுமா? தெருவே மாறிருக்கு பாருல."

"சர்டிபிகேட்டும் அவனே வாங்கிக் குடுத்திருவானோ?"

காட்டு வேலைக்குப் போகிற காலனிப் பெண்கள் வேனை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்தி தூக்குச்சட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஜிம் நம்பருக்கு அங்கேயே போன் போட்டாள். "அண்ணாச்சி, வீட்டுல நாங்க அஞ்சு பேரு. குடும்பத்தோட சேந்தா பீஸ் கொறைப்பியளா?" வேன் முழுக்கச் சிரிப்பு. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

என்னிடம் ஒரு தலையை மாற்றச் சொன்னார்கள். ஒரு தலையை மாற்றினேன். கேட்காத வேலையை நான் செய்வதில்லை.

மே 24, சனி

பேனரை அவிழ்த்துவிட்டார்கள். கார்த்தீசனின் அம்மா சென்னையிலிருந்து போன் போட்டு, "எம்புள்ள முன்னால அவனாட்டமா இருந்தான்?" என்று தம்பியை உண்டு இல்லை என்று ஆக்கினாளாம். மாஸ்டர் வந்து பாயிடம் கத்தினார். பாய், மெஷின் கோளாறு என்றார். என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. முத்தையா அண்ணன் மட்டும் வாசலில் பைக்கை நிறுத்தி, உள்ளே வராமல், ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனான்.

வீட்டில் அம்மா, "உனக்கு ரொம்பச் சிரிப்பு வருதோ?" என்றாள். ஆமாம் என்றேன். வந்தது.

மே 25, ஞாயிறு

முட்டை மிஞ்சியது. நிஜமாகவே மிஞ்சியது. தெருநாய்க்குப் போட்டேன்.

மே 26, திங்கள்

பால்துரை போனை எடுக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போனேன். லாரியிலிருந்து இரண்டு தார்களை இரண்டு தோளிலும் வைத்துக்கொண்டு இறங்கினான். அரைக்கைச் சட்டை. என்னைப் பார்த்ததும் தார்களை வைத்துவிட்டு முதலில் பின்னால் பார்த்தான், அப்புறம் பக்கவாட்டில் பார்த்தான்.

"இங்க வராதீங்க மேடம்."

"ஜிம்முக்குப் போகலையா?"

"சாவிய வாங்கிட்டாரு. கூட்டவும் வராண்டாம்னுட்டாரு."

"எதுக்கு?"

"நாந்தான் உங்களை அப்படி வைக்கச் சொன்னனாம். உங்க அண்ணன் எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. மரியாதையாத்தான் பேசுனாரு. அம்மா ரெண்டு நாளா என்னைய வெளியவே விடல. இன்னைக்கு லோடுன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்."

"நானா செஞ்சதுன்னு நான் வந்து சொல்லுதேன்."

"சொன்னா இன்னும் மோசம். ஏன் செஞ்சீங்கன்னு கேப்பாங்க." கையில் ஒட்டியிருந்த வாழைக்கறையைச் சாக்கில் துடைத்தான். அது போகாது, இருந்தாலும் துடைத்துக்கொண்டே இருந்தான். "நல்லாத்தான் இருந்துது மேடம். ஊரே சிரிச்சுது, எங்க காலனியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், இல்லைன்னு சொல்லக்கூடாது. ஆனா சாவி என்கிட்ட இருந்துதான் போச்சு."

என் கைக்குட்டையை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அந்தப் படத்துல உடம்பு நீங்க வச்சது," என்றான். "என்னுதுன்னு இருந்தது தலை ஒண்ணுதான். மொதல்ல அவங்க எடுத்தாங்க. அப்புறம் நீங்க எடுத்தீங்க. அதுக்கு அப்புறம் நீங்க வெளையாடுனதும் அந்தத் தலைய வச்சுத்தான்."

லாரிக்காரன் கூப்பிட்டான். போகும்போது, "முட்டை கொண்டாராதீங்க," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மே 27, செவ்வாய்

ஆறரை மணிக்கு ஜிம்முக்குப் போனேன். பாயிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. பெண் யாரும் அந்தப் படி ஏறியதில்லை போலிருக்கிறது. வாசலில் இருந்தவன் துண்டை எடுத்து நெஞ்சை மூடிக்கொண்டான்.

உள்ளே சாயங்கால பேட்ச். ரப்பர் நாற்றம், வேர்வை நாற்றம், தரையில் குப்பை. கூட்டி இரண்டு மூன்று நாள் இருக்கும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் எதையோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி. முத்தையா அண்ணன் பெஞ்சில் படுத்திருந்தான், என்னைப் பார்த்ததும் எழுந்தான். மாஸ்டர் மூலையில் நாற்காலியில் இருந்தார்.

"என்னட்டி இங்க?"

"பால்துரைய ஏன் நிப்பாட்டுனீங்க?"

"அது ஜிம் விஷயம். நீ வீட்டுக்குப் போ."

"அந்த பேனரை அப்படி வச்சது நான். அவரு சொல்லி இல்ல. எனக்கே தோணி வச்சேன்." இந்த நோட்டிலேயே இதை நான் எழுதவில்லை. அங்கே சொல்லிவிட்டேன்.

முத்தையா அண்ணன் பக்கத்தில் வந்தான். "அதான் தெரியுமே. ஏன் வச்சன்னுதான் தெரியணும்."

"நீ வாங்கிட்டுப் போன என் கத்தி முனை போயி வந்துதுல்லா, தெர்மாகோல் ஒட்டாம, அதுக்கு வச்சேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். சிரித்தவன் உடனே டம்பிள்ஸைத் தூக்கிக்கொண்டான்.

மாஸ்டரைப் பார்த்துச் சொன்னேன். பத்துப் பேர் சேர்ந்தால் பால்துரைதான் டிரெய்னர் என்று எங்கள் கடையில் வைத்துச் சொன்னீர்கள், பாயும் கேட்டார், நானும் கேட்டேன் என்றேன். சேர்ந்திருக்கிறார்கள், இதோ நிற்கிறார்கள் என்றேன். இதில் பாதிப் பேர் அந்தத் தோளைப் பார்த்துத்தான் வந்தது; மீதிப் பேர் அந்த ஓட்டையில் தலையை விட்டுப் போட்டோ எடுத்துவிட்டு வந்தது. அந்தப் படத்தில் கழுத்துக்குக் கீழே இருந்தது அத்தனையும் நான் செய்த பொய், அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருந்த ஒன்றே ஒன்றுதான் நிஜம். அதைத்தான் அறுத்தார்கள், அதைத்தான் மாற்றச் சொன்னார்கள், மாற்றியதும் நான்தான்.

"போதும், எறங்கு," என்றான் முத்தையா அண்ணன். ஆனால் கையைப் பிடிக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் எல்லோரும் இரண்டு மடங்காகத் தெரிந்தார்கள்.

"சாவியக் குடுங்க மாஸ்டர். நாளைக்கு சாயங்காலம் அவரு வந்து இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். குடுக்க மாட்டீங்கன்னா, ஏன்னு இவங்க முன்னால சொல்லுங்க. ஜிம் விஷயம்னு சொல்லாதீங்க. பையனுவ மனசுன்னு சொல்லாதீங்க. உள்ளத அப்படியே சொல்லுங்க."

மாஸ்டர் எழுந்தார். தரையில் சிதறிக் கிடந்த இரும்புத் தட்டுகளைக் குனிந்து எடுத்து, கம்பியில் ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தார். பெரியது, அப்புறம் சின்னது. பையன்கள் தங்கள் தங்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், பதினேழு வயது இருக்கும், முதுகு வளைந்து நின்றவன், என்னையே பார்த்தான், பிறகு அவனும் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான்.

"அவரு தலைல என்ன குறை? சொல்லுங்க. இவங்களுக்கும் கேக்கட்டும்."